பழைய ரெய்டு சர்வரின் நான்கு ஹார்ட் டிஸ்குகள்: புதிய வீட்டுச் சர்வரில் போடலாமா?

படச்சுருள் | பழைய வண்ணாரப்பேட்டை | ஞாயிறு இரவு 10:12

அனைவருக்கும் வணக்கம். அப்பா எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ நடத்தினார். கடையை மூடி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கேமராக்கள், விளக்குகள் எல்லாம் விற்றாகிவிட்டது. டவர் சர்வரை மட்டும் விற்க மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தோம். அதில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் நான்கு இருக்கின்றன. பல டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்க்கும் தனி ரெய்டு கார்டு ஒன்றின் மூலம் ரெய்டு 5 முறையில் இணைக்கப்பட்டவை. 2016இல் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. கடை மூடும்வரை இரவு பகலாக ஓடின.

இப்போது அந்த சர்வரின் பவர் சப்ளை எரிந்துவிட்டது. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினியை வாங்கி, வீட்டுச் சேமிப்புச் சர்வருக்கான ஓபன்மீடியாவால்ட் மென்பொருளை நிறுவி வைத்திருக்கிறேன். டிஸ்குகளை மாட்ட நான்கு சாட்டா இணைப்புகள் உள்ளன. நான்கு டிஸ்குகளையும் கழற்றி இதில் மாட்டினால் உள்ளே இருப்பது அப்படியே தெரியுமா? தெரியாது என்றால், அழித்துவிட்டுப் புதிதாகப் பயன்படுத்தும் நிலையில் அவை இருக்குமா?

உள்ளே ஏறக்குறைய 6 டெராபைட் இருக்கிறது. 2004 முதல் எடுத்த திருமணங்கள், காதுகுத்து விழாக்கள், திருவொற்றியூர்த் தேர், மாசி மகத்தன்று சாமி கடலுக்கு வருவது. இவற்றுக்கு வேறு முழுப் பிரதி கிடையாது.

நேற்று ஒரு டிஸ்கை யுஎஸ்பி டாக்கில் வைத்து மடிக்கணினியில் செருகினேன். டிஸ்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டது. பயந்து கேன்சல் கொடுத்துவிட்டேன்.


லோகோ_பெரம்பூர் | ஞாயிறு இரவு 10:40

கேன்சல் கொடுத்தது மிகவும் சரி. ஓகே கொடுத்திருந்தால் அந்த டிஸ்கின் தொடக்கத்தில் புதிய பிரிவு அட்டவணை ஒன்றை விண்டோஸ் எழுதியிருக்கும். ஜிபிடி என்ற அட்டவணை முறை என்றால் கடைசியிலும் ஒரு நகல் எழுதும். பல ரெய்டு கார்டுகள் தங்கள் குறிப்பை வைப்பது டிஸ்கின் அந்தக் கடைசிப் பகுதியில்தான். எந்த டிஸ்க் எத்தனையாவது, துண்டின் அளவு என்ன என்பதெல்லாம் அங்கே இருக்கும். அதன்மேல் எழுதிவிட்டால் கார்டுக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில்: சாதாரண சாட்டா இணைப்பில் மாட்டினால் படங்கள் தெரியாது. ரெய்டு 5 ஒவ்வொரு கோப்பையும் சிறு துண்டுகளாக வெட்டி, வரிசையாக மூன்று டிஸ்குகளில் வைத்து, நான்காவதில் அந்த மூன்றின் கணக்கீட்டை எழுதும். அடுத்த வரிசையில் கணக்கீட்டின் இடம் வேறு டிஸ்குக்கு மாறும். தனியாக எடுத்த ஒரு டிஸ்க், பக்கங்களைக் கிழித்து நான்கு பேருக்குப் பங்கிட்ட புத்தகத்தின் ஒரு பங்குதான்.

லினக்ஸின் எம்டிஏடிஎம் என்ற ரெய்டு மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய ரெய்டாக இருந்திருந்தால் எந்த லினக்ஸ் கணினியிலும் மாட்டலாம். தானே அடையாளம் கண்டுகொள்ளும். கார்டு உருவாக்கியது என்பதால்தான் இந்தச் சிக்கல். சில கார்டுகள் டிடிஎஃப் என்ற பொது வடிவில் குறிப்பெழுதும். அதை எம்டிஏடிஎம் படிக்கும். ஆனால் அது கடைசி வழி. உங்களிடம் கார்டு நல்ல நிலையில் இருக்கிறது. கெட்டது பவர் சப்ளை மட்டும்தானே?


மூலக்கொத்தளம் | ஞாயிறு இரவு 11:25

தம்பி, ஒன்றை முதலில் தீர்மானம் செய்துகொள். உனக்கு இப்போது வேண்டியது டிஸ்குகளா, அவற்றில் இருப்பதா? இரண்டும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தவர்கள்தான் பெரும்பாலும் படத்தை இழக்கிறார்கள். புதிய டிஸ்க் வாங்கக் காசு இல்லை, இதையே அழித்து இதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று தொடங்கி, நடுவில் ஒன்று நின்றுபோய், பிறகு என்னைத் தேடி வருவார்கள். இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த முகங்களைப் பார்ப்பது கடினம்.

ஆகவே 6 டெராபைட்டும் வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை இந்த நான்கு டிஸ்குகளும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய பொருள்கள் அல்ல, அப்பாவின் பெட்டகம். 8 டெராபைட் புதிய டிஸ்க் இரண்டு வாங்கு. ஒன்றின் பிரதி மற்றொன்றில் இருக்குமாறு மிரர் போடு. செலவுதான். ஆனால் வேறு எதில் சேமித்தாலும் இதில் சேமிக்காதே.

பிறகு பழைய பெட்டிக்கு ஒரு பவர் சப்ளை போட்டு, அதே கார்டு, அதே டிஸ்க், அதே வரிசையில் உயிர்ப்பித்து நகலெடு. கழற்றும் முன் ஒவ்வொரு டிஸ்கின் மேலும் மார்க்கரால் இட எண்ணை எழுது. வரிசை எண் தெரியும்படி கைபேசியில் படமெடு.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளை என்றால், பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகாதே. டிஸ்க் பக்க முனை ஒன்றுபோல் இருக்கும். சப்ளை பக்க முனையில் 12 வோல்ட் வரும் முள் நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் வேறுபடும். அப்படிச் செருகி ஒரே நொடியில் இரண்டு டிஸ்குகளை இழந்தவன் நான். இரண்டு, கார்டு தொடங்கும்போது ஃபாரின் கான்ஃபிகரேஷன் (டிஸ்கில் உள்ள ரெய்டு குறிப்பு கார்டுக்குப் புதியது) என்று செய்தி காட்டினால் இம்போர்ட் என்பதைத் தேர்ந்தெடு. அந்தக் குறிப்பை அழிக்கும் கிளியர் என்பதன் பக்கமே போகாதே.


உப்புக்காற்று | காசிமேடு | திங்கள் காலை 6:50

இரண்டு ஆண்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தவை என்கிறீர்கள். நம் பக்கத்துக் காற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகப் படகுகள் தெரியும். அந்த ஜன்னலோரம் வைத்த கணினியின் ரேமைக் கழற்றிப் பார்த்தபோது தங்க நிறத் தொடுமுனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நின்றது. அதற்கு முன் வாங்கிய பழைய பெட்டி யாரிடமாவது இருந்தால் உள்ளே கறுப்பாக ஒரு பூச்சு படிந்திருப்பதைப் பார்க்கலாம்.

பவர் கொடுக்கும் முன் கார்டைக் கழற்றி, தொடுமுனைகளைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் தட்டிவிட்டு மாட்டுங்கள். சாட்டா கேபிள்களைப் புதிதாக மாற்றிவிடுங்கள்.

டிஸ்க் ஒன்று சுழல்கிறது, ஆனால் அடையாளம் தெரியவில்லை என்றால் அடிப்பக்கப் பச்சைப் பலகையின் நட்சத்திர முனை ஸ்குரூக்களைக் கழற்றிப் பலகையைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே உள்ள முட்களைத் தொடும் சிறு வட்டங்கள் கறுத்திருக்கும். அதையும் அழிப்பானால் சுத்தம் செய்யலாம். எனக்கு ஒரு டிஸ்க் அப்படியே பிழைத்தது. மேல்மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். மூடியில் உள்ள சிறிய மூச்சுத் துளையை ஒட்டுத்தாளால் அடைக்காதீர்கள். உள்ளும் புறமும் காற்றழுத்தம் சமமாவது அதன் வழியாகத்தான்.


படச்சுருள் | புதன் இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. புதிய 8 டெராபைட் டிஸ்குகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் விலையைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஒரு ஃபிலிம் ரோல் வாங்க யோசித்த காலமும் இருந்தது, வாங்கிக்கொள் என்றார்.

பவர் சப்ளை மாற்றினேன், கேபிள்களையும் சேர்த்து. கார்டின் முனைகள் நன்றாகவே கறுத்திருந்தன. தொடங்கியதும் ஃபாரின் செய்தி வரவில்லை. ஆனால் 3ஆம் டிஸ்குக்கு எதிரே பிரெடிக்டிவ் ஃபெயிலியர், அதாவது விரைவில் கெடக்கூடும் என்று காட்டுகிறது. ரெய்டு மட்டும் ஆப்டிமல், அதாவது நல்ல நிலையில் இருக்கிறது என்கிறது. கார்டின் பேட்டரி செத்துவிட்டதாகவும் ஒரு செய்தி. 3ஆம் டிஸ்கை மாற்றி, அதிலிருந்ததை மற்றவற்றைக் கொண்டு மீட்டெழுதும் ரீபில்டு செய்த பிறகு நகலெடுக்கட்டுமா?


மூலக்கொத்தளம் | புதன் இரவு 9:41

வேண்டாம் தம்பி. ரீபில்டு என்பது மீதமுள்ள மூன்று டிஸ்குகளையும் முதல் அங்குலம் முதல் கடைசி அங்குலம்வரை படிக்க வைக்கும். அவையும் அதே வயதுடையவை, அதே வெயிலில் இருந்தவை. அந்த நேரத்தில் இன்னொன்று நின்றால் எல்லாம் போயிற்று. நான்கும் இப்போது பேசுகின்றன. பேசும்போதே நகலெடுத்துவிடு. 3ஆம் டிஸ்க் இடையில் நின்றாலும் மற்ற மூன்றை வைத்துக் கார்டு சமாளிக்கும்.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். அது எழுதும்போது கார்டின் தற்காலிக நினைவகமான கேஷைக் காக்க இருப்பது. நீ படிக்க மட்டும்தான் போகிறாய். லினக்ஸ் பென் டிரைவில் தொடங்கி, படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்.


லோகோ_பெரம்பூர் | புதன் இரவு 10:05

கணக்கு சொல்கிறேன். ஜிகாபிட் நெட்வொர்க் கேபிளில் நொடிக்கு 110 மெகாபைட் போகும். 6 டெராபைட்டுக்குப் பதினைந்து மணி நேரம். சிறு கோப்புகள் அதிகம் என்றால் இன்னும் கூடும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பீட்டோடு இரண்டாம் முறை ஓட்டுங்கள். புதிய மிரரை இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் போடுங்கள். இனிமேல் படிக்கும் ஒவ்வொரு முறையும் அது தானே சரிபார்த்துக்கொள்ளும்.


வங்கிஏலம் | மணலி | வியாழன் பிற்பகல் 2:15

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். ஏலத்தில் சர்வர்களில் பயன்படும் எஸ்ஏஎஸ் வகை டிஸ்குகள் ஆறு வாங்கினேன். சாட்டா கேபிள் அவற்றில் நுழையவே இல்லை. என்ன செய்வது?


லோகோ_பெரம்பூர் | வியாழன் பிற்பகல் 2:50

நுழையாது. எஸ்ஏஎஸ் டிஸ்கில் இரண்டு இணைப்புகளுக்கும் இடையிலான வெட்டு அடைக்கப்பட்டிருக்கும், தவறாக மாட்டக் கூடாது என்பதற்காகவே. அதற்கென எச்பிஏ என்ற இணைப்புக் கார்டு வேண்டும். எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற ஒன்றை ஐடி முறை ஃபர்ம்வேருடன் வாங்குங்கள். அது ரெய்டு எதுவும் செய்யாமல் டிஸ்குகளை அப்படியே கணினிக்குக் காட்டும். பெரிய சேமிப்பகங்களிலிருந்து வந்த டிஸ்குகளில் ஒரு செக்டர் (டிஸ்கின் மிகச் சிறிய சேமிப்புக் கூறு) 512 பைட்டுக்குப் பதில் 520 பைட்டாக இருப்பதுண்டு. அப்படி இருந்தால் எஸ்ஜி-ஃபார்மட் கருவியால் 512க்கு மாற்றிய பிறகே பயன்படும். மாற்றினால் உள்ளே உள்ளது அழியும். மேலும் விவரம் வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.


படச்சுருள் | திங்கள் இரவு 11:02

நகலெடுத்து முடித்துவிட்டேன். பத்தொன்பது மணி நேரம் ஆனது. இரவு முழுவதும் நான் தூங்கவில்லை, அப்பாவும் தூங்கவில்லை. 3ஆம் டிஸ்க் அவ்வப்போது டக், டக் என்று ஒலித்தது. ஒவ்வொரு முறையும் இருவரும் திரையைப் பார்த்தோம். நிற்கவில்லை. செக்சம் ஒப்பீடும் பிழையில்லாமல் முடிந்தது.

ஆனால் இன்று படங்களைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். ராயபுரத்தில் எடுத்த திருமணம். மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியும் கண்களும் தெளிவாக இருக்கின்றன. மூக்குக்குக் கீழே ஒரு நேர்கோடு, அதன் பிறகு ஒன்றும் இல்லை. தேடத் தேட இப்படி 37 படங்கள் கிடைத்தன. பழைய சர்வரிலும் அதே நிலைதான். நகலெடுக்கும்போது ஏதாவது தவறு செய்துவிட்டேனா?


மூலக்கொத்தளம் | திங்கள் இரவு 11:30

உன் தவறு இல்லை, தம்பி. மூலத்திலேயே அப்படி இருப்பதால்தான் ஒப்பீட்டில் இரண்டும் ஒன்றாக வந்தன. எப்போதோ, ஒருவேளை பல ஆண்டுகளுக்கு முன், அந்தக் கோப்புகள் சிதைந்திருக்கின்றன. ரெய்டு 5 ஒரு டிஸ்க் செத்தால் ஈடுகொடுக்கும். ஆனால் டிஸ்க் உயிரோடு இருந்துகொண்டே தவறான தரவைக் கொடுத்தால் அதை நம்பிவிடும். படிக்கும்போது கணக்கீட்டை எடுத்துச் சரிபார்க்காது. சரிபார்த்து முரண் தெரிந்தாலும், நான்கில் எது பொய் சொல்கிறது என்று அதற்குத் தெரியாது. லோகோ சொன்ன இசட்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் தனி செக்சம் வைத்திருப்பதால் எது பொய் என்று அதற்குத் தெரியும். மிரரின் மறுபக்கத்திலிருந்து நல்லதை எடுத்துத் திருத்தும். முழுத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை மாதம் ஒருமுறை ஓட்டு.

அப்பா வேறு எதிலாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று கேள். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் டிவிடியில் எழுதாமல் இருந்ததில்லை.


படச்சுருள் | செவ்வாய் இரவு 8:15

ஐயா, பரணில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன! 2011 வரை டிவிடியில் எழுதியிருக்கிறார். 37இல் 22 படங்கள் முழுதாகக் கிடைத்துவிட்டன. நெற்றிச்சுட்டிப் பெண்ணின் படமும் அதில் உண்டு.

இப்போது பழைய டிஸ்குகளுக்கு வருகிறேன். டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களை எடுத்துப் பார்த்தேன். நான்குமே 51,900 மணி நேரத்தை ஒட்டி ஓடியிருக்கின்றன. 1, 2 ஆகியவற்றில் பிழை எதுவும் இல்லை. 3இல் ரீஅலொகேட்டட் (கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட) செக்டர் 240, பென்டிங் 16. 4இல் சிஆர்சி பிழை மட்டும் 312. எனவே 3, 4 இரண்டையும் ஒதுக்கிவிட வேண்டியதுதானா?


லோகோ_பெரம்பூர் | செவ்வாய் இரவு 8:48

ஒரு ஆண்டு என்பது 8,760 மணி நேரம். ஆக ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் நிற்காமல் ஓடியவை.

3 போகட்டும். பென்டிங் என்றால் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 4ஐ ஒதுக்காதீர்கள். சிஆர்சி பிழை, டிஸ்குக்கும் கார்டுக்கும் இடையே கேபிளில் நடந்த கோளாறு. அந்த எண் ஒருபோதும் குறையாது. புதிய கேபிள் போட்ட பிறகும் 312இலேயே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றால் டிஸ்கின்மேல் குற்றமில்லை.

அடுத்து ஸ்மார்ட் நீண்ட சோதனை. ஒவ்வொன்றுக்கும் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். பிறகு பேட்பிளாக்ஸ் எழுதும் சோதனை. நான்கு விதமான வடிவங்களை டிஸ்க் முழுவதும் எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கும். 4 டெராபைட்டுக்கு மூன்று நாள்வரை பிடிக்கும். உள்ளே உள்ள அனைத்தும் அழியும் என்பதால் எந்த டிஸ்கின் பெயரைக் கொடுக்கிறீர்கள் என்பதை வரிசை எண்ணோடு மூன்று முறை சரிபாருங்கள். புதிய 8 டெராபைட் டிஸ்குகளை அந்த நேரத்தில் கழற்றி வைப்பது நல்லது.

எல்லாம் தேறினால் 1, 2, 4 மூன்றையும் சேர்த்து, ரெய்டு 5 போன்ற இசட்எஃப்எஸ் முறையான ரெய்டு-இசட்1 போடுங்கள். 8 டெராபைட் இடம் கிடைக்கும். உங்கள் 6 டெராபைட்டுக்கு அழகான இரண்டாம் பிரதி.


உப்புக்காற்று | காசிமேடு | செவ்வாய் இரவு 9:20

சோதனை ஓடும்போது வெப்பநிலையைப் பாருங்கள். போன கோடையில் மின்விசிறி இல்லாமல் ஓட்டியபோது எனக்கு 47 டிகிரி காட்டியது. டிஸ்குகளுக்கு எதிரே ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி வைத்ததும் 39க்கு இறங்கிவிட்டது. யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.


படச்சுருள் | அடுத்த ஞாயிறு காலை 7:30

1, 2 இரண்டையும் முதலில் ஓட்டினேன். நீண்ட சோதனையில் இரண்டும் தேறின. பேட்பிளாக்ஸில் 26ஆவது மணி நேரத்தில் 2ஆம் டிஸ்க் பிழைகளைக் கொட்டத் தொடங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் திரை முழுவதும் எண்கள். ஸ்மார்ட்டில் ஒரு குறையும் காட்டாத டிஸ்க்! 1 முழுமையாகத் தேறியது. 4 இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. சிஆர்சி 312இலேயே நிற்கிறது.


மூலக்கொத்தளம் | ஞாயிறு காலை 9:10

நல்ல வேளை, அதன் குணம் இப்போதே தெரிந்தது. 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். செத்த டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஸ்மார்ட்டின் நான்கு முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூட முன்கூட்டிக் காட்டவில்லை. ஸ்மார்ட் கெட்டது என்று சொன்னால் நம்பலாம். நல்லது என்று சொன்னால் மேலும் சோதிக்க வேண்டும்.

லோகோ தம்பியின் ரெய்டு-இசட்1 யோசனையிலிருந்து நான் மாறுபடுகிறேன். இரண்டு டிஸ்க்தான் மிஞ்சும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மூன்றும் தேறியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ரெய்டு என்பது ஒன்று நின்றால் மற்றவை தாங்கும் என்ற நம்பிக்கையில் கட்டுவது. இவை ஒரே நாளில் வாங்கியவை, ஒரே பெட்டியில், ஒரே சூட்டில், மணிக்கணக்குகூட மாறாமல் ஓடியவை. ஒன்று நிற்கும் காலத்தில் மற்றதும் நிற்கத் தயாராக இருக்கும். அவற்றை மீண்டும் ஒரே கயிற்றில் கட்டினால் இரண்டு நின்றதும் முழுவதும் போகும். தனித்தனியாக வைத்தால் ஒன்றின் சாவு அதிலுள்ளதை மட்டும்தான் கொண்டுபோகும்.

முதன்மைப் பிரதி புதிய மிரரில் இருக்கிறது. பழையவற்றுக்கு இனி ஒரே வேலை: ஒவ்வொன்றும் தனியே நின்று, எந்த லினக்ஸ் கணினியில் செருகினாலும் படிக்கக்கூடிய பிரதி. கார்டு வேண்டாம், வரிசை வேண்டாம். லினக்ஸின் சாதாரண கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 போதும். புகைப்படங்கள் மட்டும் எவ்வளவு வரும்?


படச்சுருள் | ஞாயிறு காலை 9:32

புகைப்படங்கள் 2.6 டெராபைட் ஐயா. மீதி வீடியோ.


மூலக்கொத்தளம் | ஞாயிறு காலை 9:45

அப்படியானால் புகைப்படம் முழுவதும் ஒரு டிஸ்கில். வீடியோ 3.4 வருகிறது, அதுவும் இன்னொன்றில் அடங்கும். எழுதியதும் கழற்றி வைத்துவிடு. எந்நேரமும் சுழல வைத்தால் ஒரு டிஸ்குக்கு ஆறு வாட் என்று வைத்தாலும் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மாதத்தில் பதினேழு யூனிட். அதைவிட முக்கியம், மின்னலோ ரான்சம்வேரோ வந்தால் கழற்றி வைத்த டிஸ்கைத் தொடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செருகிப் படித்துப் பார்.


லோகோ_பெரம்பூர் | ஞாயிறு காலை 10:20

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இஎக்ஸ்டி4 கோப்பின் சிதைவைத் தானே கண்டுபிடிக்காது. அந்தச் சாம்பல் நிறம் மீண்டும் வந்தால் எப்படித் தெரியும்? எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்ஹெச்ஏ256 என்ற வகைச் செக்சம் பட்டியல் ஒன்றை உருவாக்கி டிஸ்கிலேயே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஓட்டினால் ஒரு பைட் மாறியிருந்தாலும் பெயரோடு காட்டிக்கொடுக்கும்.


கொடுங்கையூர்_மரம் | ஞாயிறு முற்பகல் 11:05

படிக்கப் படிக்க மனம் நிறைகிறது. இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்த இரண்டு டிஸ்குகளும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. கீழ்த்தளத்திலிருந்த எங்கள் கணினியும் அதன் காப்புப்பிரதி டிஸ்கும் ஒரே அலமாரியில் ஒன்றாகவே நனைந்தன. என் மகனின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில் இருந்தன. புகைப்பட டிஸ்கை வேறு பகுதியில், மாடி வீட்டில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

இரண்டாவது, 2, 3 ஆகிய டிஸ்குகளை என்ன செய்யப் போகிறீர்கள்? பழைய இரும்புக் கடையில் அப்படியே போட்டுவிடாதீர்கள். ரெய்டிலிருந்து எடுத்த தனி டிஸ்கில் எதுவும் படிக்க முடியாது என்று நினைப்பது தவறு. துண்டின் அளவு 256 கிலோபைட் என்றால், அதைவிடச் சிறிய படங்களில் பல முழுதாகவே ஒரே டிஸ்கில் கிடக்கும். அவை மற்றவர்கள் வீட்டுப் பெண்களின், குழந்தைகளின் படங்கள். உங்கள் அப்பாவை நம்பி எடுத்துக்கொண்டவை. கண்ணாடி அணிந்துகொண்டு, உள்தகடுவரை நான்கைந்து இடங்களில் துளையிட்டுவிடுங்கள். அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் மட்டும் கொடுங்கள். 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. குப்பையோடு போட்டால் அது வந்து சேருமிடம் எங்கள் கொடுங்கையூர்தான். இங்கே கிடங்கு எரியும் நாள்களில் ஜன்னலைத் திறக்க முடியாது.


படச்சுருள் | ஞாயிறு பகல் 12:10

அக்கா, நீங்கள் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஸ்டுடியோவில் அறுந்த நெகட்டிவைக்கூட அவர் குப்பையில் போட்டதில்லை; துண்டு துண்டாக வெட்டித்தான் போடுவார். துளையிடும்போது தானும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.


படச்சுருள் | மூன்று வாரங்களுக்குப் பிறகு, சனி இரவு 9:00

4ஆம் டிஸ்கும் தேறியது. 1இல் புகைப்படங்கள், 4இல் வீடியோக்கள், இரண்டிலும் எஸ்ஹெச்ஏ256 பட்டியல். மிரரில் முதல் ஸ்கிரப் பிழையின்றி முடிந்தது. உப்புக்காற்று அண்ணா சொன்ன 120 மில்லிமீட்டர் விசிறியையும் மாட்டிவிட்டேன். நடுப்பகலில் 38 டிகிரி. 2, 3 இரண்டையும் துளையிட்டு மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

1ஆம் டிஸ்கை இன்று மாலை பெரம்பூரில் இரண்டாம் மாடியில் இருக்கும் என் அக்கா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். கிளம்பும் முன் அப்பா அதை வாங்கி, நெகட்டிவ் உறைகளின்மேல் எழுதும் அதே சாய்ந்த எழுத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டினார்: "புகைப்படம், 2004 முதல் கடை மூடும்வரை. இரண்டாம் பிரதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவும்." அதன் கீழே தேதி போட்டு, ஸ்டுடியோவின் பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்து ஒரு முத்திரையும் குத்தினார்.